எலி சொன்னதும் முயல் சொன்னதும்

எலியின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரிய வித்தை இல்லை. ஜென்டமைசின் ஊசி மருந்து போதும். உடல் நிறையில் கிலோவுக்கு 80 முதல் 100 மி.கி. வரை, நாளுக்கு ஒருமுறை, எட்டு நாள் ஏற்றினால் இரத்தத்தில் யூரியாவும் கிரியேற்றினினும் ஏறிவிடும். சிறுநீரகத்தைச் சீவி நுணுக்குக்காட்டியில் வைத்தால் அண்மை மடிந்த சிறுகுழாய்களின் கலங்கள் செத்து உதிர்ந்து குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கும். ஆஸ்பத்திரியில் மனிதருக்கு ஏற்றுவது நாளுக்குக் கிலோவுக்கு 5 மி.கி. அளவுதான். ஆனால் கெடுகிற வழி இரண்டு பேருக்கும் ஒன்று. வடிகட்டிப்போன மருந்தைச் சிறுகுழாய்க் கலங்கள் திரும்ப இழுத்து இலைசோசோம்களுக்குள் பதுக்குகின்றன. பதுக்கல் அளவு மீறினால் கலம் செத்துப்போகும். 1960களில் இந்த மருந்து வந்ததிலிருந்து எலிதான் இதற்குச் சாட்சி.

*

தமிழ்நாட்டு மருந்தியல் கல்லூரிகளின் ஆய்வேடுகளைப் புரட்டினால் வேலியோரத்துப் பூண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. நெருஞ்சி, மூக்கிரட்டை, சிறுபீளை (நாங்கள் தேங்காய்ப்பூக்கீரை என்பது) எல்லாம் ஜென்டமைசின் எலிக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டவை. முடிவும் அநேகமாக ஒரே மாதிரி: மூலிகை சிறுநீரகத்தைக் காத்தது.

எனக்கு இதில் நெடுநாள் சந்தேகம் உண்டு. மூலிகையில் இல்லை, கேட்ட கேள்வியில். பெரும்பாலும் நஞ்சு ஏற்றுவதற்கு முன்பே, அல்லது அதே நாளில், எலிக்கு மூலிகைச் சாறு பருக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எங்களூர் நோயாளி எப்போது பரியாரியாரிடம் போகிறார்? கால் வீங்கி, சலம் குறைந்த பிறகு. இன்னொன்று, எலிக்கு ஒரு தந்திரம் தெரியும். ஜென்டமைசினை நிறுத்தாமல் ஏற்றினாலும் கொஞ்ச நாளில் அதன் சிறுகுழாய்கள் தாமாகவே புதுக் கலங்களை வளர்த்துவிடும். அந்தப் புதுக் கலங்களை மருந்து முன்போல் வாட்டுவதில்லை. எலி தானாகத் தேறியதற்கும் நெருஞ்சி தேற்றியதற்கும் வித்தியாசம் பிரிக்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு கூட்டம் எலி வேண்டும். ஒரு பிரிவுக்கு ஆறு எலி என்று வைத்திருக்கும் ஆய்வில் அது கிடைப்பது அரிது.

*

இலங்கையின் தெற்கே காலியில், ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் வேறு நஞ்சைப் பிடித்தார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் டொக்சோரூபிசின். அது சிறுகுழாயை விட வடிகட்டியையே முதலில் தாக்கும். புரதம் சலத்தோடு போகும். விஸ்டார் எலிகளில் அதை உண்டாக்கி, கஸ்தூரி வெண்டை, செம்முள்ளி, சாத்தாவாரி வகையொன்று, கொவ்வை இலை எல்லாவற்றையும் சோதித்திருக்கிறார்கள். ஒரு மருந்தோடு நிற்காமல் சிறுநீரகத்தின் வேறு பகுதியைக் கெடுத்துப் பார்த்தது நல்ல வேலை.

இதே மருந்தைச் சுண்டெலிக்குக் கொடுத்தால் வேடிக்கை. ‘பால்ப்-சி’ என்ற வம்சத்துச் சுண்டெலியின் சிறுநீரகம் ஒரே ஊசியில் சரியும். ‘சி57 பிளாக்-6’ வம்சம் அசையாது. இரண்டும் சுண்டெலிதான். ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தில் வந்த வேறுபாடு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். பிளாக்-6 மட்டும் கைவசம் இருந்த ஆய்வுகூடம் இந்த மருந்துக்கு நற்சான்று கொடுத்திருக்கும்.

*

எங்களூர் அச்சுவேலியில் தோட்டக் கரைகளில், வல்லைப் பக்கம் போகும் வழியிலும், ஆடுதீண்டாப்பாளை படர்ந்து கிடக்கும். நீலம் பாரித்த பச்சை இலை. அதன் வடிவம் அவரை விதையா சிறுநீரகமா என்று சொல்ல முடியாது. நுனியில் கருஞ்சிவப்பு நாக்கு நீட்டிய குழல் போன்ற பூ. கசக்கினால் குமட்டும் மணம். எங்கட ஆடுகள் பக்கத்துப் புல்லை வேரோடு கறும்பிவிட்டு இதைச் சுற்றிக்கொண்டு போகும்.

வேலிக் கரையில் நான் இதைப் பிடுங்கிக்கொண்டு நின்றபோது அயல் வீட்டு அக்கா கேட்டா:

“மாஸ்டர், உதை ஏன் பிடுங்கிறியள்? சொறி சிரங்குக்கு நல்ல மருந்தெல்லோ?”

“பூசிறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. குடிக்கிறதுதான் கூடாது. கிட்னியைத் தின்னும்.”

“என்ர அப்பு பூச்சிக்கும் வயித்துக் குத்துக்கும் உதைத்தான் அவிச்சுக் குடிச்சவர். எண்பத்தெட்டு வயசு மட்டும் இருந்தவர்.”

அப்புவோடு வாதாட முடியாது.

சூடானில் 1980களின் தொடக்கத்தில் மிருக வைத்தியர்கள் இந்தச் செடியை ஆடுகளுக்கு வலிந்து பருக்கிப் பார்த்தார்கள். ஆடுகள் நோய்ப்பட்டன. ஈரலும் சிறுநீரகமும் பழுதாகியிருந்தன. தானாக வாய் வைக்காத விலங்குக்கு ஏன் இந்தச் சோதனை என்று கேட்கலாம். வறட்சிக் காலத்தில் வேறு தீனி கிடைக்காத ஆடு எதிலும் வாய் வைக்கும் என்பதுதான் பதில்.

*

இந்தச் செடிக் குடும்பத்தின் நஞ்சு அரிஸ்டோலோகிக் அமிலம். ஈசுரமூலியிலும் உண்டு. அதன் கதையில்தான் எலியும் முயலும் எதிரெதிராகச் சாட்சி சொன்னார்கள்.

பிரசல்சில் ஓர் உடல் மெலிவு நிலையம். 1990இல் அங்கே கொடுத்த குளிசைகளில் சீன மூலிகைகள் சேர்த்தார்கள். சேர வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, சீனப் பெயரில் அதற்கு நெருங்கிய இன்னொன்று, ஆடுதீண்டாப்பாளையின் சீனத்து உறவு, வந்து சேர்ந்துவிட்டது. 1993இல் வான்ஹெர்வெகம் என்ற சிறுநீரக வைத்தியரும் சகாக்களும் ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார்கள்: ஐம்பது வயதுக்குட்பட்ட ஒன்பது பெண்கள், எல்லோரும் அதே நிலையத்தில் மெலிய வந்தவர்கள், எல்லோருக்கும் சிறுநீரகத்தில் சிறுகுழாய்களின் இடையே தழும்பு படர்ந்து கிடந்தது. பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. பலருக்குச் சிறுநீர்க் குழாயில் புற்றுநோயும் வந்தது. குளிசை விழுங்கியவர்களில் இந்த நோய் கண்டவர்கள் சுமார் 5 வீதம். மிச்சம் 95 வீதமும் அயல் வீட்டு அப்புதான்.

இனி, மூலிகையில்தான் பிழை என்று நிறுவ வேண்டும். 1998இல் பெல்ஜியத்தில் கொசின்ஸ் குழு எலிகளுக்கு அந்த நிலையத்தின் கலவையையே மூன்று மாதம் கொடுத்தது. எலிகளுக்கு இரைப்பையில் கட்டி வந்தது. சிறுநீரகத்தில் தழும்பு வரவில்லை. குளிசை விற்றவருக்காக வாதாடும் வக்கீலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொசின்ஸ் குழு விடவில்லை. நியூசிலாந்து வெள்ளை முயல்களை எடுத்தார்கள். பெண் முயல்கள். அந்த அமிலம் கிலோவுக்கு 0.1 மி.கி. மட்டும், கிழமைக்கு ஐந்து நாள், 17 முதல் 21 மாதம் வரை. இந்தக் காலக் கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்றரை வருடத்துக்கு மேல், சிறு அளவு, சளைக்காமல். 2001இல் முடிவு வந்தது: முயல்களின் சிறுநீரகம் பிரசல்ஸ் பெண்களின் சிறுநீரகம் போலவே தழும்பேறிச் சுருங்கியிருந்தது. சிலவற்றில் கட்டியும் இருந்தது.

அடுத்த வருடமே டெபெல் என்பவரின் குழு எலியையும் வழிக்குக் கொண்டுவந்தது. எப்படி? உப்புக் குறைந்த தீனி, கூடவே சலம் பெருக்கும் மருந்து. உடல் நீரும் உப்பும் வற்றிய எலிக்கு 35 நாளில் தழும்பு விழுந்தது. பிரசல்ஸ் நிலையத்திலும் சலம் பெருக்கிகள் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

வெங்காயத் தோட்டத்தில் மத்தியான வெயிலில் நாரி நோவோடு நின்று, தண்ணீர் குடிக்காமல் டைக்ளோபெனாக் குளிசை போடுகிற எங்கட தோட்டக்காரர் அந்த வற்றிய எலியின் நிலைமைக்கு மிக நெருக்கம். உடல் வற்றும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் வரும் வழியை அகலத் திறந்து வைப்பது புரொஸ்ராகிளாண்டின். வலிக் குளிசை அடைப்பது அதைத்தான். தண்ணியும் தீனியும் தாராளமாக உள்ள ஆய்வுகூட எலிக்கு வலிக் குளிசை கொடுத்தால் முதலில் குடல் புண்ணாகும். சிறுநீரகத்தின் முறைப்பாடு பின்னுக்குப் போய்விடும்.

*

எலி பொய் சொல்லவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மேற்கு ஜேர்மனியில் அரிஸ்டோலோகிக் அமிலம் சேர்ந்த மருந்துகள் சந்தையில் இருந்தன. எலிகளுக்கு அதனால் இரைப்பைப் புற்று வருகிறது என்று கண்டவுடன் 1981இலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். பிரசல்சுக்கு ஒன்பது வருடம் முந்திய எச்சரிக்கை. எலி புற்று என்றது. சிறுநீரகம் என்று சொல்லவில்லை. அதனால் அந்த எச்சரிக்கை சிறுநீரக வைத்தியர்களின் மேசைக்குப் போகவில்லை.

இதற்கும் முந்திய சாட்சி குதிரை. பழைய யூகோஸ்லாவியாவில், தன்யூப் ஆற்றின் கிளைகளை அண்டிய கிராமங்களில், தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரகம் சுருங்கிச் சாகும் நோய் ஒன்று 1950களில் வைத்திய உலகுக்குத் தெரியவந்தது. 1957இல் ஸாக்ரெப் மிருக வைத்திய சஞ்சிகை ஒன்றில் மார்ட்டின்சிச் என்பவர் எழுதினார்: அங்கே வயலில் களையாக முளைக்கும் அரிஸ்டோலோகியா குதிரைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. 1969இல் இவிச் என்பவர் கோதுமையோடு கலந்து அரைபடும் அதன் விதையைச் சந்தேகித்தார். முயல்களில் சோதித்தும் பார்த்தார். யாரும் பெரிதாக எடுக்கவில்லை. காரீயம், கிருமி, பூஞ்சண நஞ்சு என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். 2007இல் அமெரிக்காவில் குரோல்மன் குழு நோயாளிகளின் சிறுநீரக டி.என்.ஏ.யில் அந்த அமிலம் ஒட்டிக்கிடப்பதைக் காட்டிய பிறகுதான் வழக்கு முடிந்தது. மிருக வைத்தியர் எழுதியதை மனித வைத்தியர் வாசிக்க ஐம்பது வருடம்.

*

ஆடுதீண்டாப்பாளையைப் பிடுங்கினால் இன்னொரு நட்டமும் உண்டு. சிவந்த உடலும் கறுப்புச் சிறகும் கொண்ட வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இதுதான் சாப்பாடு. அந்த அமிலத்தை உடம்பில் சேர்த்து வைத்துப் பறவைகளிடமிருந்து தப்புகிறது. புழுவுக்கு எங்களைப் போல் சிறுநீரகம் இல்லை, கெடுவதற்கு. வேலியின் வெளிப்பக்கத்துக் கொடிகளை விட்டுவிட்டேன்.

*

வலிக் குளிசையைச் சொன்னபிறகு பாறுகளை விட முடியாது.

1990களில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் கூட்டமாகச் செத்தன. பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர் முதலில் கணக்கெடுத்துச் சொன்னார். பதினைந்து வருடத்தில் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. வைரசு என்றார்கள், பூச்சிகொல்லி என்றார்கள். பாகிஸ்தானின் பஞ்சாபில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்க மிருக வைத்திய நுண்ணுயிரியலாளர் பிணங்களைத் திறந்து பார்த்தார். 259 பாறுகளில் 85 வீதத்தில் ஒரே காட்சி: இதயம், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்புச் சாந்து பூசியது போல வெள்ளைப் படை. யூரிக் அமிலம். பறவை தன் கழிவு நைதரசனை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். சிறுநீரகம் நின்றால் அது உள்ளுறுப்புகளில் படியும்.

வைரசு இல்லை. பார உலோகம் இல்லை. ஓக்ஸ் குழு அடுத்ததாகக் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஆய்வுகூடத்தில் கேட்கவில்லை, மிருக வைத்தியர்களிடமும் மருந்து விற்பவர்களிடமும் கேட்டார்கள்: மாட்டுக்குக் கொடுக்கும் மருந்தில், வாயால் உட்போனாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது? டைக்ளோபெனாக். சோதித்துப் பார்த்தால், வெள்ளை படிந்த 25 பறவைகளில் 25இலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13இல் ஒன்றிலும் இல்லை. காயப்பட்டுப் பறக்க முடியாமல் கூண்டில் இருந்த பாறுகளுக்கு, மருந்து ஏற்றிய எருமையினதும் ஆட்டினதும் இறைச்சியைப் போட்டார்கள். 20இல் 13 செத்தன. 2004இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வந்தது.

இதில் எந்தப் பறவையைக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்? பாறுக்குக் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மி.கி. போதும், பாதிப் பறவைகள் சாக. கோழிக்கு அதைப்போல ஐம்பது மடங்குக்குக் கிட்டத் தேவை. பெயரில் பாறு என்றிருக்கும் அமெரிக்க வான்கோழிப் பாறுக்கு நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆபிரிக்கக் காகம் ஒன்றுக்கும் ஆகவில்லை. ஆய்வுகூடத்து எலியிடம் அந்த வெள்ளைப் படையை எதிர்பார்க்கவே முடியாது. யூரிக் அமிலத்தை மேலும் உடைக்கும் நொதியம் அதற்கு உண்டு.

இலங்கையில் குடியிருக்கும் பாறு இனம் எதுவும் இல்லை. அச்சுவேலியில் செத்த மாட்டுக்குக் காகமும் நாயும்தான். இங்கே மாட்டு டைக்ளோபெனாக் எத்தனை வருடம் ஓடியிருந்தாலும் எந்தப் பிணமும் விழுந்து எங்களுக்குச் சொல்லியிராது.

2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடுத்தன. மாற்றாக மெலொக்சிகாமை முதலில் ஆபிரிக்கப் பாறுகளில் சோதித்துப் பிழையில்லை என்று கண்ட பிறகே இந்தியப் பாறுகளில் சோதித்தார்கள். மனிதருக்கென்ற பெயரில் 30 மில்லிலீற்றர் போத்தல் விற்று மாட்டுக்கு ஏற்றும் கள்ள வழி மிஞ்சியது. 2015இல் ஊசி மருந்தை 3 மில்லிலீற்றராகச் சுருக்கினார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. மாட்டின் உடலுக்குள் டைக்ளோபெனாக்காகவே மாறும் அசிக்ளோபெனாக், அதோடு கீற்றோபுரொபென், இரண்டும் 2023இல்தான் நிறுத்தப்பட்டன. நீலகிரியின் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சிய பாறுகளுக்குப் பதினேழு வருடம் காத்திருப்பு.

*

ஒரு சோதனையும் இல்லாமல் விற்றால் என்ன நடக்கும் என்பதற்கு 1937. அமெரிக்காவில் சல்பா மருந்தை டையெத்திலீன் கிளைக்கோலில் கரைத்து, இனிப்பும் வாசனையும் சேர்த்துப் பாணியாக விற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பலர் பிள்ளைகள், சலம் நின்று செத்தார்கள். சிக்காகோவில் கைலிங் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடம் பிறகு விலங்குகளில் சோதித்து, குற்றவாளி சல்பா இல்லை, கரைப்பான் என்றது. அங்கே எலிகளைக் கவனித்த மாணவி பிரான்சிஸ் ஓல்டம். பிற்காலத்தில் கெல்சி என்ற பெயரோடு தலிடொமைடை அமெரிக்காவுக்குள் விடாமல் மறித்தவர் அவரேதான்.

88 வருடம் கழித்து, 2025 செப்டெம்பர், ஒக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்த இருமல் பாணியைக் குடித்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பிள்ளைகள் செத்தார்கள். தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் அந்தப் பாணியில் 48.6 வீதம் அதே டையெத்திலீன் கிளைக்கோல். இங்கே எந்த விலங்கும் தேவைப்பட்டிருக்காது. வாங்கிய கரைப்பானை ஒருமுறை பரிசோதித்திருந்தால் போதும். எலி இந்த நஞ்சை மனிதரைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதும் ஒரு குறிப்பு.

*

கிரியேற்றினின் பிந்தி வரும் செய்தி. சிறுநீரகத்திகளில் பாதியளவு போகும்வரை அது அசைய மறுக்கும். 1998இல் பொன்வென்ரர் என்பவரின் ஆய்வுகூடத்தில் அடிபட்ட எலிச் சிறுநீரகத்தில் கண்ட ‘கிம்-1’ என்ற புரதம் அதற்கு வெகு முன்னரே சலத்தில் வந்துவிடும். 2008இல் அமெரிக்க, ஐரோப்பிய மருந்து நிர்வாகங்கள் எலிச் சலத்தில் பார்க்கத்தக்க ஏழு குறிகளை ஏற்றுக்கொண்டன. கிம்-1 அதில் ஒன்று. வரி மீன் குஞ்சுக்கு இரண்டே சிறுநீரகத்திகள், உடல் கண்ணாடி மாதிரி. அதிலும் ஜென்டமைசின் வேலை செய்கிறது. சில்லில் வளர்த்த மனிதச் சிறுகுழாய்க் கலங்களும் வந்துவிட்டன. விலங்கில்லாச் சோதனைகளுக்கு 2022இல் அமெரிக்காவும் 2023இல் இந்தியாவும் சட்டத்தில் இடம் கொடுத்தன. ஆனால் பதினேழு மாதம் உயிரோடு இருக்கும் சில்லு இன்னும் வரவில்லை.

*

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பழைய மாணவி ஒருத்தி தன் ஆய்வு முன்மொழிவைக் காட்ட வந்தாள். நெருஞ்சி, ஜென்டமைசின், விஸ்டார் எலி, 28 நாள். பிள்ளை கெட்டிக்காரி, எழுத்தில் பிழையில்லை.

ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். முதலில் ஜென்டமைசின் ஏற்று. கெட்ட பிறகு நெருஞ்சி கொடு. தண்ணீர் மட்டும் குடித்துத் தானாகத் தேறும் எலிகளுக்கு ஒரு பிரிவு வை. கடைசி நாள் கிரியேற்றினினோடு நில்லாமல் இடையிடையே சலம் சேர். வற்றிய எலியிலும் ஒரு பிரிவு பார். கடைசியாக, நஞ்சே ஏற்றாமல் நெருஞ்சிக் குடிநீரை மட்டும் நீண்ட காலம் கொடுத்து, அந்தக் குடிநீரே சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று பார்.

“நீண்ட காலமெண்டால் எவ்வளவு சேர்?”

“ஒரு வருசமாவது வேணும் பிள்ளை.”

“சேர், எனக்கு முழுக்க நாலு மாசம்தான் தந்திருக்கினம். அதுக்குப் பிறகு எலிக்கு ஆர் சாப்பாடு போடுறது?”

முதல் மூன்றையும் செய்வதாகச் சொன்னாள். வற்றிய எலியை மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பார்ப்பாளாம். கடைசி வரியை நானே வெட்டிக் கொடுத்தேன்.